நமுத்த அப்பளமும் உடையாத முட்டையும்

மழை பிடித்துக்கொண்டால் மட்டாஞ்சேரியில் முதலில் மாறுவது வாசனை. வெயில் காலத்தில் கிடங்குகளிலிருந்து வந்து தெருவில் நடப்பவரைத் தும்ம வைக்கும் சுக்கும் மிளகும், ஜூன் பிறந்து நாலு நாள் விடாமல் கொட்டிய பிறகு, ஈரச் சாக்கின் வாசனைக்குள் அமுங்கிப் போய்விடும். அடுத்து மாறுவது சத்தம். எங்கள் வீட்டில் அது அப்பளத்தின் சத்தம். தட்டின் ஓரத்தில் நொறுக்கினால் "மொறுக்" என்று வரவேண்டியது வராமல், அப்பளம் பழைய கைக்குட்டையைப் போல மடிந்துகொள்ளும். அப்பா அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, ஏதோ தடயத்தை ஆராய்கிறவர் போலத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நமுத்துடுத்தே" என்பார். மழைக்காலத்தில் அவர் இதைச் சொல்லாத நாளே கிடையாது என்பதால், நாங்கள் யாரும் தலை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

நான் சொல்ல வந்தது முட்டையைப் பற்றி. அதை விட்டுவிட்டு அப்பளத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்குக் காரணம், எங்கள் வீட்டில் முட்டை கிடையாது என்பதுதான். கிடையாது என்றால் சாப்பிடுவதில்லை என்பது மட்டுமல்ல. அந்தச் சொல்லையே அடுப்பங்கரையில் சொல்லக் கூடாது. அம்மா அப்போது "எடுப்புச் சாப்பாடு" கொடுத்துக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கு வில்லிங்டன் தீவில் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை. கப்பல் வந்தால் சம்பளம் வரும், வராவிட்டால் "அடுத்த வாரம்" வரும். அதனால் எங்கள் வீடு ஓடியது அம்மாவின் கையால்தான். சமைக்க முடியாத வயதானவர்கள், ஆள் துணை இல்லாதவர்கள் என்று எங்களைப் போலத் தமிழ் பேசும் சில குடும்பங்களும், ஒரு குஜராத்தி வியாபாரியின் தாயாரும் அம்மாவிடம் கேரியர் வைத்திருந்தார்கள். எல்லோரும் சுத்த சைவம். அம்மாவின் சாம்பார் பிரமாதம் என்பதற்காக யாரும் வரவில்லை. அந்த அடுப்பில் வேறு எதுவும் ஏறியதில்லை என்ற நம்பிக்கைக்காகவே வந்தார்கள்.

அதில் முதல் கேரியர் கோமதி மாமியுடையது. மாமியின் கணவருக்குப் பக்கவாதம் வந்து படுத்த பிறகு, அவரைப் பார்த்துக்கொள்வதா அடுப்பைப் பார்ப்பதா என்று திண்டாடி, கடைசியில் அம்மாவிடம் வந்தவள். காலையில் கோவிலுக்குப் போகிற வழியில் காலி கேரியரை எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போவாள், உச்சிக்கு வந்து எடுத்துக்கொள்வாள். மற்ற வீடுகளுக்கு அம்மாவைப் பற்றிச் சொன்னதும் மாமிதான். மாமி ஒரு வார்த்தை சொல்லித்தான் மற்றக் கேரியர்கள் வந்தன. இன்னொரு வார்த்தை சொன்னால் அத்தனையும் போய்விடும். இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு. எங்கள் பள்ளிக்கூடம் ஓடு வேய்ந்த பழைய இரண்டு மாடிக் கட்டடம்; மாடியில் மர வராந்தா, கீழே சிமெண்டு முற்றம். இயற்பியல் எடுத்த லில்லி டீச்சர் ஒரு நாள் ஒரு சாக்பீஸைத் தரையில் போட்டார், உடைந்தது. இன்னொன்றை மடித்த தன் குடையின் மேல் அதே உயரத்திலிருந்து போட்டார், உடையவில்லை. "விழுந்த உயரம் ஒன்று, வேகம் ஒன்று, பிறகு ஏன்?" என்று கேட்டுவிட்டு, பதிலை அவரே சொல்லாமல் குடையை எடுத்துக்கொண்டு நின்றார். எதையும் ஏன் என்று கேட்டு மற்றவர் உயிரை வாங்குகிற எனக்கே யாரோ அதைத் திருப்பிச் செய்தபோது தாங்கவில்லை. பாடப் புத்தகத்தில் மோதல் என்று ஒரு தலைப்பும் அதன் கீழே சில எழுத்துச் சூத்திரங்களும் இருந்தன, சூத்திரத்தைச் சொன்னால் டீச்சர் தலையை ஆட்டுவார், "அதெல்லாம் சரி, சாக்பீஸுக்கு அது தெரியுமோ?" என்பார்.

பிறகு அந்த வீட்டுப்பாடம் வந்தது. இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து, வீட்டில் இருக்கிற சாமான்களை மட்டும் வைத்து, செருப்புப் பெட்டியைவிடப் பெரிதாக இல்லாத ஒரு கூடு செய்யவேண்டும். அதற்குள் ஒரு பச்சை முட்டை. அதை மாடி வராந்தாவிலிருந்து டீச்சர் போடுவார். முட்டை உடையக் கூடாது. பஞ்சு மெத்தை, தலையணை இதெல்லாம் வீட்டில் இருந்தாலும் கூடாது. உடையாமல் வருகிற கூடு எர்ணாகுளத்தில் நடக்கும் அறிவியல் கண்காட்சிக்குப் போகும். என் ஜோடி ஸபீனா. அடுத்த சந்தில் வீடு. வீட்டின் பின்னால் கோழிகள்.

வகுப்பில் மற்றப் பெண்களுக்கு இது விளையாட்டு. வீட்டில் ஒன்றைப் போட்டுப் பார்ப்பார்கள், உடைந்தால் அன்று ராத்திரி ஆம்லேட். எனக்கோ முட்டையை அம்மாவிடம் எந்த வாயால் கேட்பது என்றே தெரியவில்லை. கடைசியில் அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தபோது, கதவுக்கு வெளியே நின்றபடி கேட்டேன்.

"முட்டைக்கும் பாடத்துக்கும் என்னடி சம்பந்தம்?" என்றாள் அம்மா.

"விழறது ஏன் ஒடையறதுன்னு கண்டுபிடிக்கணும்."

"அதுக்கு முட்டைதான் வேணுமோ? இந்தாத்துல ஒடையற சாமானே இல்லையா?" அரிசித் தண்ணீரை வடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தாள். "கேட்டியா ராஜி, முட்டை இந்தப் படி ஏறக்கூடாது. கோமதி மாமி காதுல விழுந்தா எல்லாம் போச்சு. ஆனா பாடத்தை வேண்டாம்னு சொல்லலை. வேற எதையாவது வெச்சுப் பழகிக்கோ."

கண்ணாடி வளையல் என்றேன், விலை என்றாள். பல்பு என்றேன், உள்ளே இருந்த அப்பா, "ஒடைஞ்சா யார் பொறுக்கறது?" என்றார். கண் கடைசியில் அப்பளத்தில் போய் நின்றது. அதைவிட லேசில் உடைகிற பொருள் அந்த வீட்டில் வேறு எதுவும் இல்லை. அப்பளத்தைக் காப்பாற்றுகிற கூடு முட்டையைக் காப்பாற்றாதா என்ன என்று நான் கணக்குப் போட்டேன். இன்று நினைத்தாலும் அதில் தப்பு இருந்ததாகத் தோன்றவில்லை. மழையைத்தான் நான் கணக்கில் சேர்க்கவில்லை.

பழைய செருப்புப் பெட்டி கிடைத்தது. பக்கத்துக் கிடங்கில் கிழிந்த சாக்கு கேட்டால் அள்ளித் தருவார்கள்; அதைப் பட்டை பட்டையாக வெட்டி, பெட்டிக்குள் காலால் மிதித்து இறுக்கித் திணித்து, நடுவில் ஒரு பொரித்த அப்பளத்தை வைத்து, மேலேயும் திணித்து, சணல் போட்டுக் கட்டினேன். இறுக்கமாக இருந்தால் உள்ளே இருப்பது ஆடாது, ஆடாவிட்டால் உடையாது என்பது என் கொள்கை. மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வரும்போது அப்பளத்தை வைத்துக் கட்டிவிட்டுப் போவேன். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எங்கள் மாடி ஜன்னலிலிருந்து கீழே போடுவேன். "தொப்" என்று விழும். ஓடிப்போய்ப் பிரித்தால், அப்பளம் முழு நிலாவாக இருக்கும்.

முதல் நாள் நான் குதித்த குதியில் கீழ்வீட்டுக்காரர் வெளியே வந்து பார்த்தார். உடைந்துவிடக் கூடாதே என்று பயந்து, அப்பளத்தைக் கை படாமல் ஒரு தட்டில் சரித்து அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "அட, ஒரு விள்ளல் போகலையே" என்று அம்மாவும் ஆச்சரியப்பட்டாள். சாப்பாட்டை வீணாக்கக் கூடாது என்பதால், மாடியிலிருந்து விழுந்து பிழைத்த அப்பளங்களை ராத்திரி அப்பா மோர் சாதத்தோடு சாப்பிடுவதாக ஏற்பாடு. அப்பா கடித்தார், மென்றார், "நமுத்துடுத்தே" என்றார். மறுநாளும் அப்பளம் உடையவில்லை. அப்பா அதையேதான் சொன்னார். நான் அதற்கு அடுத்த நாள், பெட்டியைச் சுவரில் ஒரு தடவை மோதிவிட்டும் போட்டுப் பார்த்தேன். உடையவில்லை. ஸபீனாவிடம், நம் கூட்டை யாரும் ஜெயிக்க முடியாது என்று சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை ஸபீனாவின் வீட்டுக் கொல்லையில் வைத்து, அவளுடைய உம்மா கழுவித் துடைத்துக் கொடுத்த முட்டையைப் பெட்டிக்குள் இறக்கி, வழக்கம்போல இறுக்கிக் கட்டினோம். வீட்டில் வைத்துச் செய்யவேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். ஸபீனாவின் வீடும் வீடுதானே என்று சமாதானம் செய்துகொண்டேன். அம்மாவிடம் நானாக எதையும் சொல்லவில்லை, அம்மாவும் கேட்கவில்லை. வேறு யார் வீட்டிலோ நடப்பது நமக்குத் தெரியவேண்டாம் என்று இரண்டு பேரும் பேசாமலே ஒத்துக்கொண்டது போல இருந்தது.

கடைசிப் பிரிவேளையில் மழை கொஞ்சம் விட்டது. டீச்சர் ஒவ்வொரு பெட்டியாகப் போட்டார். தேங்காய் நார் வைத்தது உடைந்தது, மரத்தூள் வைத்தது உடைந்தது, பிளாஸ்டிக் பையில் காற்று அடைத்தது கீழே பட்டதுமே ஊசிப் பட்டாசு மாதிரி வெடித்துச் சிரிப்பைக் கிளப்பியது. எங்கள் பெட்டி விழுந்தபோது நான் சிரித்துக்கொண்டே படியிறங்கினேன். ஸபீனா எனக்கு முன்னால் ஓடி அதைத் தூக்கினாள், தூக்கிய இடத்திலேயே நின்று, "எடீ, பொட்டி!" என்று, உடைந்துவிட்டதென்று மலையாளத்தில் கத்தினாள். அடியில் மஞ்சளாகக் கசிந்துகொண்டிருந்தது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. பெட்டியை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு கட்டைப் பிரித்தேன். பிரிக்கப் பிரிக்கச் சட்டையிலும் பாவாடையிலும் எல்லாம் வடிந்தது. அப்பளம் உடையாத பெட்டியில் முட்டை எப்படி உடையும்? அழவேண்டும் என்பதையே அந்தக் கேள்வி மறக்கடித்தது. அன்று ஒரு பெட்டியும் தேறாததால், திங்கட்கிழமை காலை இன்னொரு தடவை என்றார் டீச்சர்.

யோசித்துக்கொண்டே நடந்ததில் பாவாடையை அலசவேண்டும் என்று தோன்றவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலமும் மாமிக்குக் கோவில் உண்டு என்பதும் நினைவுக்கு வரவில்லை. நான் வாசலை அடைந்தபோது, மாமி அம்மாவிடம் குங்குமம் கொடுத்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்தாள், பார்ப்பதற்கு முன்பே மூக்கு கண்டுபிடித்துவிட்டது என்று நினைக்கிறேன்.

"என்னடி இது பாவாடையெல்லாம்?"

நான் பாவாடையைக் கையால் மறைத்தேன். அம்மாவின் முகம் வெளுத்தது. "பள்ளிக்கூடத்துல... என்னமோ... பசங்க ஏதோ கொட்டிட்டா போலிருக்கு" என்று இழுத்தாள். மாமி என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஓஹோ" என்று மட்டும் சொல்லிப் படியிறங்கிப் போனாள். அம்மா என்னைக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போய்த் தலையோடு தண்ணீர் ஊற்றினாள். திட்டவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் மத்தியானம் மாமி கேரியரை எடுத்துப் போனாள், ஒன்றும் கேட்கவில்லை. நாங்கள் சாப்பிட உட்கார்ந்தோம். அப்பா அப்பளத்தைத் தூக்கிப் பிடித்து, வழக்கமான வார்த்தையைச் சொன்னார், சொல்லிவிட்டு, "ஆனா உன் அப்பளத்துக்கு இது எவ்வளவோ தேவலை. அதைக் கடிச்சா பல்லுல ஒட்டிக்கும்" என்றார்.

"எந்த அப்பளம்?"

"நீ மாடியிலேர்ந்து போட்டதெல்லாந்தான். ஒண்ணுகூட மொறுமொறுன்னு இல்லே. ஈரச் சாக்குல மத்தியானத்துலேர்ந்து பூட்டி வெச்சா பின்னே எப்படியிருக்கும்? நானும் தினம் சொல்றேனே!"

உண்மைதான், தினமும் சொன்னார். ஆராய்ச்சியின் முடிவு ஒவ்வொரு ராத்திரியும் மோர் சாதத்தோடு சேர்த்து எனக்கு வாசித்துக் காட்டப்பட்டிருக்கிறது. நான்தான் அதை மழைக்காலப் புலம்பல் என்று ஒதுக்கியிருக்கிறேன். கை கழுவாமலே எழுந்து போய், நேற்றைய அப்பளம் ஒன்றை எடுத்துச் சுவரில் ஓங்கி அறைந்தேன். சப்பென்று ஒட்டி, மெதுவாக வழுக்கி, முழுசாகக் கீழே விழுந்தது. பெட்டியே இல்லாமல்! அது உடையாமல் இருந்ததற்கு என் பெட்டி காரணமே இல்லை. நமுத்த அப்பளத்தை வில்லிங்டன் தீவுக் கப்பலிலிருந்து போட்டாலும் உடையாது. நான் காப்பாற்றியதாக நினைத்தது, என் காப்பாற்றல் தேவைப்படாத ஒன்றை.

அவமானம் கொஞ்ச நேரந்தான் இருந்தது. அதற்குள் வேறு ஒன்று என்னைப் பிடித்துக்கொண்டுவிட்டது. நமுத்தது உடையவில்லை, மொறுமொறுப்பானது உடைகிறது. சரி, உடைகிற அப்பளத்தின் மேல் வந்து விழுகிற பொருளுக்கு என்ன ஆகிறது? கேரியர்களுக்கென்று அம்மா அடைத்து வைத்திருந்த காற்றுப் புகாத பிஸ்கட் டின்னிலிருந்து சில அப்பளங்களைக் கெஞ்சி வாங்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தைப் போட்டேன். வெறுந்தரையில் போட்டால் துள்ளி உருண்டு ஓடுகிற பழம், இங்கே துள்ளவே இல்லை. மேல் அப்பளம் உடைந்தது, அடுத்தது உடைந்தது, அதற்கடுத்தது விரிசல் விட்டது. பழம் ஒவ்வொன்றாக இறங்கி, கடைசியில் தூளுக்குள் அமைதியாக உட்கார்ந்துகொண்டது. நமுத்த அப்பளங்களை அடுக்கிப் போட்டபோதோ, அவை தரையோடு தரையாக ஒட்டிக்கிடந்ததால், பழம் தரையில் விழுந்தது போலவே துள்ளியது. டீச்சரின் குடை எனக்கு அப்போது புரிந்தது. விழுவது எப்படியும் நின்றாகத்தான் வேண்டும். சட்டென்று நிற்க வைத்தால் அடி பலமாக விழும், கொஞ்சம் நேரம் கொடுத்து நிற்க வைத்தால் அதே வேகம் மெள்ள வடிந்துவிடும். என் சாக்குப் பெட்டி முட்டைக்கு அந்த நேரத்தைக் கொடுக்கவில்லை. இறுக்கிக் கட்டியதே தப்பு. முட்டையைச் சுற்றி ஏதாவது உடையவேண்டும்.

ஆனால் அதற்கு ஒரு டின் நிறைய அப்பளம் வேண்டும், நமுக்காத அப்பளம். அம்மா பொரித்தது. அதற்குள் முட்டை. இதை அம்மாவிடம் சொல்லும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை. அம்மா எல்லாவற்றையும் கேட்டாள், எலுமிச்சம்பழத்தை மறுபடி போட்டுக் காட்டச் சொன்னாள், பார்த்தாள். அன்று முழுவதும் பதில் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி படுக்கப் போகும்போது சொன்னாள்.

"நாளைக்குக் காலம்பற பொரிச்சுத் தரேன். ஸபீனாவை முட்டையோட இங்கே வரச் சொல்லு. உள்ளே வேண்டாம், மாடிப்படிக்குக் கீழே வெச்சு அடைச்சுக்கோங்கோ."

"இங்கேயா? யாராவது பார்த்தா?"

"பார்க்கட்டும். முந்தாநேத்து மாமிகிட்ட முழுங்கி முழுங்கிப் பேசினேனே, அது எனக்குத் தொண்டையிலேயே நிக்கறது. ஆத்துல வெச்சுப் பண்ணுன்னுதானே உங்க டீச்சர் சொன்னா? பண்ணிட்டுப் போ."

திங்கட்கிழமை விடிந்தும் விடியாமல் வாணலி ஏறியது. அம்மா பொரித்துப் பொரித்து டின்னில் போட்டு மூடியை அழுத்த, ஸபீனா தாவணித் தலைப்பால் தலையை மூடிக்கொண்டு, இரண்டு கைக்குள்ளும் முட்டையைப் பொத்திக்கொண்டு வந்து படியடியில் உட்கார்ந்தாள். "பப்படத்தினுள்ளிலோ?" என்று, அப்பளத்துக்குள்ளேயா என்று கேட்டு, அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அம்மா டின்னோடு இறங்கி வந்து, பெட்டியின் அடியில் அவளே அப்பளங்களை வரிசையாக அடுக்கிக் கொடுத்தாள். எதையும் அழுத்தாமல், அந்தக் கொப்புளங்கள் நசுங்காமல். முட்டை வைக்கவேண்டிய குழி மட்டும் பாக்கி. அப்போதுதான் தெருமுனையில் கேரியர் ஆடுகிற சத்தம் கேட்டது.

கோமதி மாமி வந்து நின்றாள். ஸபீனாவின் கை அந்தரத்தில் நின்றது. அதை மறைக்கவும் இடம் இல்லை.

"அது என்னது?" என்றாள் மாமி.

"முட்டை, மாமி" என்றாள் அம்மா. எழுந்து நின்றுதான் சொன்னாள். "கொழந்தைக்குப் பள்ளிக்கூடத்துல ஒரு பாடம். வெள்ளிக்கிழமை பாவாடையில இருந்ததும் அதுதான். எங்காத்து உள்ளே வரலை, வரவும் வராது. அப்பளம் மட்டும் நான் பொரிச்சது."

மாமி பெட்டியைப் பார்த்தாள், அம்மாவின் கையில் இருந்த அப்பளத்தைப் பார்த்தாள். வழக்கமாகக் கேரியரை வைக்கிற படியில் குனிந்தவள் வைக்காமலே நிமிர்ந்தாள். "சரி" என்றாள். கேரியரோடு திரும்பி, வந்த வழியே நடந்தாள். கோவிலுக்குக்கூடப் போகவில்லை.

அம்மா அவள் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உட்கார்ந்தாள். "நாழியாறது, நமுத்துடும். மேலே அடுக்கு" என்றாள்.

பள்ளிக்கூட முற்றத்தில் எங்கள் பெட்டி விழுந்தபோது வந்த சத்தத்தை இப்போதும் என்னால் காதில் கேட்கமுடியும். மற்றவை எல்லாம் "தொப்" என்று விழுந்தன. இது "மொறமொற" என்று இடிந்தது. வகுப்பே "அய்யோ" என்றது. டீச்சர் கீழே வந்து, தானே கட்டைப் பிரித்து, தூளுக்குள் விரலை விட்டுத் துழாவினார். முட்டை முழுசாக வந்தது, ஒரு கீறல் இல்லை. ஏன் என்று கேட்டார். "எல்லாம் ஒவ்வொண்ணா உடைஞ்சதால முட்டைக்கு நிக்க நேரம் கிடைச்சது, டீச்சர்" என்று மலையாளத்தில் சொன்னேன். டீச்சர் ஒரு துண்டு அப்பளத்தை வாயில் போட்டுக்கொண்டார். அதன்பிறகு பெண்கள் பெட்டியை விட்டுவைக்கவில்லை.

மத்தியானம் சாப்பாட்டுக்கு மணி அடித்ததும் வீட்டுக்கு ஓடினேன். அம்மா அடுப்பங்கரையில் கேரியர்களுக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். "ஒடைஞ்சுதா?" என்றாள். "இல்லே!" என்றேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, அவள் வாய்விட்டுச் சிரித்தாள். நான் இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, ஸபீனா காத்திருக்கிறாள் என்று மறுபடி ஓடிவிட்டேன். எர்ணாகுளத்துக் கண்காட்சிக்கு நாங்கள் போனதும், படகில் கொட்டிய மழையில் அப்பளம் அத்தனையும் நமுத்து, அந்த முட்டை எல்லோர் முன்னாலும் அழகாக உடைந்ததும் தனிக்கதை. எங்களுக்கு அதில் வருத்தமே இல்லை. ஏன் உடைந்தது என்று தெரிந்திருந்தது.

வருத்தம் வேறு இடத்தில் இருந்தது. மாமியின் கேரியர் திரும்பி வரவில்லை. அந்த மாதம் முடிவதற்குள் இன்னும் சில கேரியர்கள் நின்றன; யாரும் காரணம் சொல்லவில்லை, "ஆத்துலயே பண்ணிக்கறோம்" என்றார்கள். குஜராத்திப் பாட்டி மட்டும் நின்றாள். அந்த மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் சாம்பாரில் பருப்பு குறைந்தது, அப்பளம் நின்றேபோனது. அப்பாவுக்குக் குறை சொல்லவும் ஒன்றும் இல்லாமல் போயிற்று. ஓணம் கழிந்து, வங்கியில் வேலை பார்த்த தனியாள்கள் சிலர் அம்மாவைத் தேடி வந்த பிறகுதான் நிமிர்ந்தோம். அம்மா ஒரு நாளும் என்னிடம் அதைப்பற்றிப் பேசவில்லை. தெருவில் மாமியைப் பார்த்தால் அம்மா நின்று, கணவரின் உடம்பைப் பற்றிக் கேட்பாள். மாமியும் பதில் சொல்வாள். அவ்வளவுதான்.

இப்போது நாங்கள் இருப்பது வைட்டிலாவில், ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில். அப்பா இல்லை. கோமதி மாமி போயே பல வருஷம் ஆகிறது. பள்ளிக்கூடத்தின் மர வராந்தாவை இடித்துக் கான்கிரீட் போட்டுவிட்டார்கள்; கிடங்குகள் பலவற்றில் சுக்குக்குப் பதிலாக வெளிநாட்டுக்காரர்களுக்கான பொம்மைகள் விற்கிறார்கள்; உச்சி வேளையில் கேரியர் ஆடுகிற சத்தத்தைக் கேட்டு யார் வீட்டுக்கு என்று சொல்லத் தெரிந்தவர்கள் யாரும் அந்தத் தெருவில் இல்லை. ஸபீனா துபாயில் இருக்கிறாள், முட்டை எமோஜி அனுப்பித்தான் பேச்சைத் தொடங்குவாள்.

போன மாதம் மிக்ஸிக்கு ஒரு கண்ணாடி ஜாடி தபாலில் வந்தது. அம்மா ஜாடியை ஒதுக்கிவிட்டு, அதைச் சுற்றியிருந்த காற்றுக்குமிழ் பிளாஸ்டிக்கை மடியில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு குமிழாக அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று கேட்டாள்.

"ஏண்டி, அன்னிக்கு அந்த முட்டை ஏன் ஒடையலை?"

"உனக்குத் தெரியாதா?"

"யார் சொன்னா? நீ வந்தே, ஒடையலைன்னே, ஓடிட்டே. அப்பறம் நான் கேட்கவும் இல்லை."

அந்தப் பாடத்துக்கு எல்லோரையும்விட அதிகமாகக் கொடுத்தவள் அவள்; பாடம் என்ன என்று அவளுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, டீச்சரின் குடையிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். சட்டென்று நிறுத்தினால் அடி பெரிது, மெள்ள நிறுத்தினால் அடி சிறிது, அப்பளங்கள் ஒவ்வொன்றாக உடைந்தது முட்டைக்கு அந்தக் கொஞ்சம் நேரத்தைக் கொடுப்பதற்காக என்று. அம்மா குமிழை அழுத்துவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். நடுவில் இரண்டு சந்தேகம் கேட்டாள், இரண்டும் நல்ல சந்தேகம். பிறகு மறுபடி ஒரு குமிழை அழுத்தினாள்.

"பொய் சொல்லப்படாதுன்னு மட்டுந்தான் அன்னிக்கு எனக்குத் தோணித்து" என்றாள் கடைசியில். "வாசல்ல நிக்க வெச்சு, கேட்ட உடனே மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழமை பூரா இருந்ததே. அவா ஆத்துக்குப் போய், உக்காந்து, மெள்ளச் சொல்லியிருக்கலாம். மாமிக்கும் கொஞ்சம் நேரம் கொடுத்திருக்கலாம், இல்லையா?"

நான் எதற்கும் ஏன் என்று கேட்கிறவள். அன்று பிளாஸ்டிக்கின் ஒரு ஓரத்தை என் மடிக்கு இழுத்து, அம்மாவோடு சேர்ந்து ஒரு குமிழை மெள்ள அழுத்தினேன்.